ஆறு பந்தும் ஒரே இடத்தில்

சனி, ஞாயிறு விடிகாலையில் கோவை காந்திபுரம் பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். திருப்பூர், அவிநாசி, சத்தி பக்கமிருந்து வரும் பேருந்துகளிலிருந்து, கிட்டத்தட்டத் தங்கள் உயரத்துக்குக் கிட் பையைத் தோளில் மாட்டிய பையன்கள் இறங்குவார்கள். பின்னாலேயே தண்ணீர் பாட்டிலும் டிபன் டப்பாவுமாக அப்பாவோ மாமாவோ. கிரிக்கெட் அகாடமி, கூடைப்பந்து, நேரு ஸ்டேடியத்து ஓடுதளம் என்று ஆளுக்கொரு திசை. அந்த அப்பாக்களிடம் பேச்சுக் கொடுத்தால் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விதான் வரும்: “பையன் நல்லா உழைக்கிறானுங்க. இப்படியே விடாம உழைச்சா வந்துருவானுங்களா?”

இதற்கு நம் ஊரில் தயாராக இரண்டு பதில்கள் உண்டு. அகாடமிக்காரர் சொல்வது: உழைத்தால் கட்டாயம் வரலாம். டீக்கடையில் கேட்பது: அதெல்லாம் சிபாரிசுங்க, நம்ம ஆளுகளுக்கு ஆகாது. இரண்டுமே ஆராயாமல் சொல்லும் பதில்கள். இதை ஆராய வெகுதூரம் போக வேண்டியதில்லை. காந்திபுரத்தில் சேலம் பேருந்து ஏறினால் எட்டிவிடக்கூடிய தூரத்தில், கொங்கு நாட்டின் கிழக்குப் பகுதியில், சின்னப்பம்பட்டி இருக்கிறது. தங்கராசு நடராஜன் என்ற இடக்கை வேகப்பந்து வீச்சாளரின் ஊர்.

அவர் கதையின் வெளிக்கோடு எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்பா தறிக் கூலி, அம்மா சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை, ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். ஏறத்தாழ 20 வயது வரை டென்னிஸ் பந்தில்தான் ஆட்டம். அதே ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ் அவரைச் சென்னைக்கு அனுப்பி வைத்தார். அங்கே நான்காவது டிவிஷன் லீக்கில் தொடங்கி, முதல் டிவிஷனில் ஜாலி ரோவர்ஸ் வரை படிப்படியாக ஏறினார். 2020 டிசம்பரில், ஆஸ்திரேலியாவில், இந்திய அணி. ஏழையின் மகன் உழைத்து உயர்ந்தான் என்று பத்திரிகைகள் கதையை அத்தோடு முடித்துக்கொண்டன. என்ன உழைத்தார், எப்படி உழைத்தார், அந்த உழைப்பு எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்று கேட்டவர்கள் குறைவு. நமக்கு வேண்டியது அதுதான்.

முதலில் அவருடைய சரக்கைப் பார்ப்போம். சரக்கு ஒன்றுதான்: யார்க்கர். டென்னிஸ் பந்து ஆட்டத்தில் அது பிழைப்புக்கான பந்து. பந்து இலகுவானது, எழும்பி வரும், எல்லை பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். கொஞ்சம் குறைத்துப் போட்டால் பக்கத்துத் தோட்டத்தில் போய்த் தேட வேண்டும். மட்டைக்காரனின் கால் விரலடியில் போட்டால் மட்டும்தான் தப்பலாம். கொங்குப் பக்கம் ஊருக்கு ஊர் நடக்கும் டோர்னமென்ட்டுகளில் கடைசி ஓவர் போடும் பையன்களெல்லாம் இதைத் தாமாகவே கற்றுக்கொள்கிறார்கள். நடராஜன் கற்றதும் அங்கேதான்.

கற்பதற்கும் கைவசமாவதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 135 கிலோமீட்டர் வேகத்தில், தரையிலிருந்து சுமார் 2.1 மீட்டர் உயரத்தில் கையைவிட்டுப் புறப்படும் பந்து, 18 மீட்டர் தள்ளி மட்டைக்காரரின் காலடியில் விழ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிட்டால், அது கிடைமட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 3 பாகை சாய்வில் புறப்பட வேண்டும். அந்தச் சாய்வு ஒரே ஒரு பாகை கூடினால் பந்து ஒன்றரை மீட்டருக்கும் மேல் முன்னதாக விழுந்துவிடும். யார்க்கர் போய் அடிக்க வாகான பந்தாகிவிடும். ஒரு பாகை குறைந்தால் தரையைத் தொடாத ஃபுல்டாஸ், சிக்ஸருக்கான அழைப்பு. மணிக்கட்டில் கண்ணுக்கே தெரியாத அந்த ஒரு பாகைக்குள்தான் இந்தத் தொழில் முழுவதும் இருக்கிறது. முழு ஓட்டத்தில் வந்து, உடம்பையே முன்னால் எறிந்து, வியர்த்த விரல்களுடன், ஈரப் பந்தில், ஓவருக்கு ஆறு முறை இதைச் செய்தாக வேண்டும். இதைப் புத்தி பார்த்துச் செய்ய முடியாது, உடம்புதான் செய்ய வேண்டும். உடம்புக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுக்கத் திரும்பத் திரும்பச் செய்வதைத் தவிர வேறு வழி இதுவரை யாருக்கும் தெரியாது.

ஆனால் இங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது. உடம்பு சரியானதை மட்டும் பழகுவதில்லை, தவறையும் அதே விசுவாசத்தோடு பழகிக்கொள்ளும். 2015 தொடக்கத்தில் பெங்கால் அணிக்கு எதிராக நடராஜன் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானார். ஒரு கிராமத்துப் பையனுக்கு அதுவே பெரிய சிகரம். அந்தக் கையோடு அவருடைய பந்துவீச்சு முறை மீது சந்தேகம் எழுந்தது. பந்தைக் கையிலிருந்து விடும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது என்பது சர்வதேச விதி. மீறினால் அது வீச்சு ஆகாது, எறிதல். எறிகிறான் என்ற பேச்சு ஒரு பந்துவீச்சாளரின் மீது விழுந்துவிட்டால், தேர்வாளர்கள் அவர் பக்கம் திரும்பவே யோசிப்பார்கள்.

அதுவரை அவர் போட்ட ஆயிரக்கணக்கான பந்துகளெல்லாம் என்ன ஆயின? எதிராகத் திரும்பின என்றுதான் சொல்ல வேண்டும். எவ்வளவு உழைத்திருந்தாரோ அவ்வளவு ஆழமாக அந்தத் தவறு கைக்குள் ஊறியிருந்தது. தமிழ்நாட்டின் முன்னாள் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் சுனில் சுப்பிரமணியம் போன்றவர்கள் அவரை மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வைத்தார்கள். கை வரும் பாதையை மாற்றினால் தோள் மாறும், தோள் மாறினால் கால் விழும் இடம் மாறும், அது மாறினால் பந்து விழும் இடமும் மாறும். யார்க்கரையே மறந்துவிட்டு மறுபடி யார்க்கரைத் தேட வேண்டிய நிலை. ஓராண்டுக்கும் மேல் பெரிய ஆட்டம் எதுவும் இல்லை. அவர் வாழ்க்கையில் ஆஸ்திரேலியாவைவிட இந்தக் காலத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஆஸ்திரேலியாவில் உலகமே பார்த்தது. இங்கே பார்க்க ஆளில்லை, திரும்பி வருவோம் என்ற உறுதியும் இல்லை.

2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் முதல் பருவம். திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காக, தூத்துக்குடி அணியுடனான ஆட்டத்தின் சூப்பர் ஓவரில், அபினவ் முகுந்த் போன்ற தேர்ந்த மட்டையாளருக்கு அடுக்கடுக்காக ஆறு யார்க்கர்கள். திருத்திய கை நிலைத்துவிட்டது என்று தெரிந்த நாள் அது. அடுத்த பிப்ரவரியில் ஐபிஎல் ஏலம்: அடிப்படை விலை 10 லட்சம், கிங்ஸ் லெவன் பஞ்சாப் கொடுத்தது 3 கோடி.

உழைப்பு கூலி கொடுத்துவிட்டது என்று இந்த இடத்தில் கதையை முடிக்கலாம். முடித்தால் அது பொய்க் கதை. அந்தப் பருவத்தில் அவர் ஆடியது 6 ஆட்டம், எடுத்தது 2 விக்கெட். மறு ஆண்டு சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அவரை 40 லட்சத்துக்கு எடுத்தது. 2018, 2019 இரண்டு பருவங்களிலும் ஓர் ஆட்டத்தில்கூட அவர் இறங்கவில்லை. முத்தையா முரளிதரன் பந்துவீச்சுப் பயிற்சியாளராக இருந்த அணி அது. தமிழில் கேட்கவும் தமிழில் திருத்தவும் ஒருவர் இருந்தது சின்னப்பம்பட்டிக்காரருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். மற்றபடி நெட்ஸில் போடுவது, சாப்பிடுவது, பெஞ்சில் உட்காருவது. தொழில்முறை விளையாட்டில் பெரும்பாலானோரின் வேலை இதுதான். தொலைக்காட்சியில் தெரிவது மீதி.

இந்த இடத்தில் ஆய்வாளர்கள் சொல்வதைக் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போகலாம். 1993-இல் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்களும் பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்தார்கள். மிகச் சிறந்தவர்கள் 20 வயதுக்குள் சராசரியாக 10,000 மணி நேரத்துக்கு மேல் தனியாகப் பயிற்சி செய்திருந்தார்கள் என்று கண்டார்கள். 2008-இல் மால்கம் கிளாட்வெல் இதை எடுத்து ‘பத்தாயிரம் மணி நேர விதி’ ஆக்க, அது ஊர் ஊராகப் பரவிவிட்டது. அப்படி ஒரு விதியைத் தாம் சொல்லவே இல்லை என்று எரிக்சனே பிறகு மறுத்தார். மணி நேரம் முக்கியமில்லை, குறையைக் குறிவைத்துத் திருத்தும் பயிற்சியா என்பதே முக்கியம் என்பது அவர் வாதம். மறுப்பு அவ்வளவாக எட்டவில்லை. எண் பிடித்துப் போனால் மக்கள் விடமாட்டார்கள்.

புரூக் மெக்னமாராவும் உடன் ஆய்வாளர்களும் 2014-லும் 2016-லும் பல ஆய்வுகளைத் தொகுத்து அலசினார்கள். விளையாட்டில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையே தெரியும் திறன் வேறுபாட்டில் பயிற்சியின் அளவு விளக்குவது சுமார் 18 விழுக்காடு. உச்சநிலை வீரர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 1 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. இதைப் படித்துவிட்டு, அப்படியானால் உழைப்பே வீண் என்று சிலர் எழுதினார்கள். அது அரைகுறை வாசிப்பு. இந்திய அணியின் வாசலில் நிற்கும் பத்து வேகப்பந்து வீச்சாளர்களும் ஏறக்குறைய ஒரே அளவு உழைத்தவர்கள்தான். எல்லோரிடமும் இருப்பதை வைத்து அவர்களைத் தரம் பிரிக்க முடியாது. அது இல்லாத பதினொன்றாவது ஆள் அந்த வாசலுக்கே வந்திருக்க மாட்டார். உழைப்பு உள்ளே நுழையும் சீட்டு. உள்ளே போன பிறகு எந்த நாற்காலி என்பதை வேறு சங்கதிகள் முடிவு செய்கின்றன.

2021-இல் ஆர்னே குல்லிக், மெக்னமாரா, ஹாம்பிரிக் மூவரும் வெளியிட்ட இன்னொரு தொகுப்பாய்வு நம் பெற்றோர்களுக்கு நேரடியாகவே பயன்படும். உலகத்தரம் எட்டியவர்கள், தேசிய அளவோடு நின்றுபோனவர்களைவிடத் தங்கள் முதன்மை விளையாட்டைத் தாமதமாகத் தொடங்கியிருந்தார்கள். சிறு வயதில் பல விளையாட்டுகளை ஆடியிருந்தார்கள். தொடக்கத்தில் மெதுவாகவே முன்னேறினார்கள். ஏழு வயதிலேயே பையனை ஒரே விளையாட்டில் கட்டிப்போட்டு, காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் என்று வாட்டும் அவசரத்துக்கு இதில் ஆதாரம் இல்லை. 20 வயதுவாக்கில்தான் தோல் பந்தைத் தொட்ட நடராஜன் விதிவிலக்கு என்று நினைக்கிறோம். ஆய்வின் கண்ணில் அவர் அவ்வளவு பெரிய விதிவிலக்கு இல்லை.

நாற்காலியை முடிவு செய்யும் அந்த வேறு சங்கதிகளில் ஒன்று பணம். கோவைக்காரரான கார் பந்தய வீரர் நரேன் கார்த்திகேயனைக் கேட்டால் தெரியும். 1992-இல் பிரான்சில் பந்தயப் பள்ளி, 1996-இல் ஃபார்முலா ஏசியா பட்டம், 2001-இல் சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் காரில் சோதனை ஓட்டம். முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் அவர் இறங்கியது 2005 மார்ச்சில், மெல்போர்னில். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் ஓட்டியது ஒரு பக்கம், ஸ்பான்சர் தேடியது இன்னொரு பக்கம். செட்டிபாளையம் பந்தயத் தடத்துக்குத் தன் பெயரைத் தந்த கரிவர்தன் போன்றவர்கள் பந்தயக் கார்களை இந்த ஊரிலேயே கட்டியெழுப்பிய மரபு நரேனுக்குப் பின்னால் இருந்தது, அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் ராலி ஓட்டுநர். அதெல்லாம் இருந்தும் பதின்மூன்று ஆண்டு.

இன்னொன்று, கண்டெடுக்கும் கண். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பேருந்து மோதி வலது காலில் ஊனம். அம்மா காய்கறி விற்றவர். பயிற்சியாளர் சத்தியநாராயணா 2013-இல் அவரைக் கண்டு பெங்களூருக்கு அழைத்துப் போகாதிருந்தால், அந்தப் பையன் பள்ளி விளையாட்டு விழாவில் தாண்டியதோடு சரி. 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் 1.86, வெள்ளி. 2024 பாரிஸில் 1.85, வெண்கலம். நிறம் மங்கிக்கொண்டே போகிறது என்று சிலர் வருத்தப்பட்டார்கள். எட்டு ஆண்டு இடைவெளியில் உயரத்தில் வித்தியாசம் 4 சென்டிமீட்டர்தான் என்பதைப் பார்த்தவர்கள் குறைவு. விடாத உழைப்பு என்பதற்கு ஓர் அளவுகோல் கேட்டால் நான் அந்த 4 சென்டிமீட்டரைத்தான் காட்டுவேன். புதிய உயரம் தொடுவதற்கு உழைப்பது எல்லோருக்கும் பிடிக்கும். பழைய உயரத்திலிருந்து இறங்காமலிருக்க உழைப்பதற்குக் கைதட்டல் கிடையாது.

நடராஜனுக்குத் திரும்புவோம். 2020 ஐபிஎல், எமிரேட்ஸின் ஆளில்லா மைதானங்கள். இந்த முறை ஆட வைத்தார்கள். 16 விக்கெட், அந்தத் தொடரில் அவரளவுக்கு யார்க்கர் போட்டவர் யாருமில்லை. நவம்பர் 6, அபுதாபி, எலிமினேட்டர்: அரைசதம் கடந்து ஆடிக்கொண்டிருந்த ஏபி டிவில்லியர்ஸின் ஸ்டம்ப்பைக் காலடியில் புகுந்து சாய்த்த பந்தை இப்போதும் யூடியூபில் பார்க்கலாம். பார்க்கும்போது, பந்து விழும் இடத்தைவிட அவருடைய தலையைக் கவனியுங்கள். கை சுழன்று முடியும் வரை அது அசையாது. அது பழக்கத்தில் வந்தது.

ஆஸ்திரேலியாவுக்கு அவர் போனது நெட் பவுலராகத்தான். அணிக்கு ஆளில்லாமல் போனால் எடுத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம், டி20 அணியில் இடம் கிடைத்தது. டிசம்பர் 2-இல் கான்பராவில் ஒருநாள் ஆட்டம், 4-இல் அதே ஊரில் டி20, 30 ரன்னுக்கு 3 விக்கெட். பிறகு ஷமி, உமேஷ், பும்ரா என்று ஒவ்வொருவராக விழ, 2021 ஜனவரி 15-இல் பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்காத காபா மைதானத்தில் இந்தியா வென்ற ஆட்டம் அது. ஊர் திரும்பியதும் தேரில் வைத்து ஊர்வலம், பழனியில் மொட்டை. கொங்கு நாட்டுக்காரர் வேறென்ன செய்வார்?

அதிர்ஷ்டம் என்கிறீர்களா? ஆம், அதிர்ஷ்டம்தான். நாலைந்து பேருக்குக் காயம் படாமல் அந்தக் கதவு திறந்திருக்காது. திறந்தபோது உள்ளே போகத் தயாராக ஒருவர் அங்கே நின்றுகொண்டிருந்தது மட்டும்தான் அவருடைய கணக்கில் சேரும்.

அடுத்த பக்கத்தையும் புரட்டியாக வேண்டும். 2021 மார்ச் 28, புனே. இங்கிலாந்துக்குக் கடைசி ஓவரில் வேண்டியது 14. மறுமுனையில் சதத்தை நெருங்கி வெளுத்துக்கொண்டிருந்த சாம் கரன். நடராஜன் அந்த ஓவரில் கொடுத்தது 6. இந்தியா 7 ரன்னில் வென்றது. அது அவருடைய ஏழாவது சர்வதேச ஆட்டம். ஏப்ரல் இறுதியில் முழங்காலில் அறுவைச் சிகிச்சை. அதன் பிறகு 2025 முடிய எட்டாவது ஆட்டம் வரவில்லை. உழைப்பைக் குறைத்துவிட்டாரா என்றால், 2022 ஐபிஎல்லில் 18 விக்கெட், 2024-இல் 19 விக்கெட் என்கிறது பதிவேடு. 2025-க்கான ஏலத்தில் டெல்லி கேபிடல்ஸ் அவருக்கு 10.75 கோடி கொடுத்தது. அந்தப் பருவத்தில் ஆடக் கிடைத்தவை மிகச் சில ஆட்டங்களே. ஆடிய 2020-இல் 40 லட்சம், பெரும்பாலும் உட்கார்ந்த ஆண்டில் 10.75 கோடி. கூலிக்கும் வேலைக்கும் உள்ள உறவை இதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

வேகப்பந்து வீச்சு மனித உடம்புக்கு இயல்பான வேலையே இல்லை. முன்னங்கால் தரையில் குத்தும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை கணுக்கால், முழங்கால், இடுப்பு வழியாக முதுகுத்தண்டுக்கு ஏறுகிறது. அதிலும் வாரக்கணக்கில் கொஞ்சமாகப் போட்டுவிட்டுத் திடீரென்று ஒரு வாரம் மிகையாகப் போடுபவர்களுக்குக் காயம் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆஸ்திரேலியாவில் டிம் காபெட் முதலான ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பரீட்சை விடுமுறை முடிந்து, செலக்‌ஷனுக்கு முந்தைய வாரம் பையனைப் பிழிந்தெடுக்கும் நம் வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை தேவையில்லை. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் நெடுங்காலம் கடைப்பிடித்த விதியில், 13 வயதுக்கு உட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் ஒரு மூச்சில் 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர்தான் போடலாம். நம் பக்கத்து ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட்டில், நன்றாகப் போடும் பையன் காலையில் ஓர் ஆட்டம், மதியம் ஓர் ஆட்டம், நடுவில் நெட்ஸ் என்று எத்தனை ஓவர் போடுகிறான் என்று யார் எண்ணுகிறார்கள்?

பையன்களைப் பக்கத்திலிருந்து பார்த்துத் திருத்துவதற்குச் சின்னப்பம்பட்டியில் ஒரு தொடக்கம் இருக்கிறது. நடராஜனும் ஜெயப்பிரகாஷும் ஊர்ப் பையன்களுக்காக அகாடமி தொடங்கினார்கள். அங்கே வளர்ந்த ஜி. பெரியசாமி 2019 தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் சேப்பாக் அணிக்காக 21 விக்கெட் எடுத்து, இறுதியாட்டத்தில் 15 ரன்னுக்கு 5 விக்கெட் சாய்த்தார். 2023 ஜூன் 23-இல் நடராஜன் கட்டிய மைதானத்தைத் தினேஷ் கார்த்திக் திறந்து வைத்தார். நான்கு நடு ஆடுகளம், இரண்டு பயிற்சி ஆடுகளம், உடற்பயிற்சிக் கூடம். ஒரு கிராமத்திலிருந்து இரண்டாவது ஆள் வந்ததைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். ஒருவர் வந்தால் அவர் திறமை என்று விட்டுவிடலாம். இரண்டாவது ஆள் வரும்போது அங்கே ஆடுகளமும், பார்த்துத் திருத்த ஓர் ஆளும் இருப்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

கொங்கு நாட்டில் உழைப்புக்குப் பஞ்சம் வந்ததாக யாரும் சொன்னதில்லை. தறியிலும் தோட்டத்திலும் பட்டறையிலும் அதைப் பார்த்து வளர்ந்த பையன்கள்தான் விடிகாலைப் பேருந்தில் வந்து இறங்குகிறார்கள். ஆகவே அந்த அப்பாக்களுக்குச் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்: உங்கள் மகன் எவ்வளவு உழைக்கிறான் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அவன் போடும் பந்தை யார் பார்க்கிறார்கள் என்று பாருங்கள். அகாடமியில் கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், வாரத்துக்கு எத்தனை ஓவர் போட வைப்பீர்கள், அதை எந்த நோட்டில் எழுதி வைக்கிறீர்கள் என்று கேளுங்கள். நோட்டை எடுத்துக் காட்டினால் சேர்த்துவிடுங்கள். காட்டாவிட்டால் வேறு இடம் பாருங்கள்.